கடைசிக் கால் சுற்று

அப்பா ஓய்வு பெற்ற நான்காவது மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த சடங்குதான். வேலை இருக்கும்வரை வீடு. அதற்குப் பிறகு சாவியை ஒப்படைத்துவிட்டு இந்திரா நகருக்கோ வடக்குத்துக்கோ சொந்த ஊருக்கோ போய்ச்சேர வேண்டும். நான் பெங்களூரிலிருந்து இரண்டு வாரம் லீவு போட்டு வந்திருந்தேன். சாமான் கட்டுவது என்றால் அட்டைப்பெட்டி, சணல், பழைய தினத்தந்தி என்றுதான் நினைத்திருந்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பெரும்பாலும் திருகு கழற்றும் வேலை என்று. சாமி ஷெல்ஃப், புத்தக அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, கொடிக்கயிற்றுக் கொக்கி, திரைச்சீலைக் கம்பியின் தாங்கிகள், கொசுவலைச் சட்டம், வாசலில் அப்பா பெயர் போட்ட பலகை. முதல் நாள் சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். 140ஐத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எல்லாம் 27 வருடங்களாக அப்பா தன் கையால் முடுக்கியவை. அவர் சுரங்கத்தில் இயந்திரப் பராமரிப்பில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் திருகுதான். “ஆணி புடிச்சுக்கும், திருகு பேசிக்கும்” என்பார். என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பதினொரு திருகு கழற்றியதும் அப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். முருங்கை மரத்தைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மரத்துக்கு முதுகைக் காட்டியபடி வலது மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும், “நீ வேற வேலையப் பாருப்பா, நாளைக்கு நான் பாத்துக்கறேன்” என்றார். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

அன்றிரவு ஃபோனில் பேட்டரி ஸ்க்ரூ டிரைவர் தேட ஆரம்பித்தேன். சின்னதாக, மின்கம்பி இல்லாமல், ஒரு கையில் அடங்குவதாக. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை. மூன்று இரவுகள் ஆனது. விலை காரணமில்லை. ஒவ்வொன்றின் விவரக் குறிப்பிலும் ‘டார்க்’ என்று ஒரு எண் இருந்தது. கல்லூரியில் நான்கு வருடம் படித்த அந்த முறுக்குவிசையை நான் வீட்டுச் சுவரோடு சேர்த்து யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு மீட்டர் நீளக் குச்சியைக் கிடைமட்டமாகப் பிடித்து அதன் நுனியில் அரைக் கிலோ தக்காளியைத் தொங்கவிட்டால், பிடித்திருக்கும் கை தாங்கும் முறுக்கு ஏறத்தாழ 5 நியூட்டன் மீட்டர். வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் 3.6 வோல்ட் கருவிகள் பெரும்பாலும் 4இலிருந்து 5 வரை கொடுக்கின்றன. அடுத்த படி 12 வோல்ட் டிரில் டிரைவர். அது ஒரேயடியாக 30ஐத் தொடும். எடையும் ஒரு கிலோ பக்கம் வரும். சின்னதன் எடை சுமார் 300 கிராம்தான். அதிக எண்ணே நல்லது என்று தோன்றும். லேப்டாப் வாங்கிப் பழகிய புத்தி அது. ஆனால் திருகைப் பொறுத்தவரை கடினமான கேள்வி எவ்வளவு விசை என்பதல்ல. எப்போது நிறுத்துவது என்பதுதான். இதற்கு மனிதர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று தேடிப் படித்ததில்தான் அந்த மூன்று இரவுகளும் போயின.

தமிழில் இந்தக் கருவிக்குத் திருப்புளி என்று பெயர் இருக்கிறது. திருப்பும் உளி. தச்சனின் உளிப் பையில் இதற்கும் ஓர் இடம் கொடுத்த பெயர். ஆனால் நம் பழைய தச்சனுக்கு இது பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது. பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுழல்பவை. மரத்தை மரத்தோடு சேர்க்கப் பொளியும் கழுந்தும் மர ஆப்பும் போதும். திருகு நம்மிடம் வேறோர் இடத்தில் புழங்கியது, காதில். தோட்டின் தண்டில் மரை வெட்டி அதற்குத் திருகாணி செய்த பொற்கொல்லருக்கு அரை நெல் அளவு உலோகத்தில் அந்த நுட்பம் கைவந்திருந்தது. அதை முடுக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு விரல் போதும். எங்கே நிறுத்துவது என்பதைக் காது மடலே சொல்லிவிடும். ‘மரை கழண்ட கேஸு’ என்று திட்டும்போது மட்டும் நாம் எல்லோரும் இயந்திரவியல் பேசுகிறோம்.

ஐரோப்பாவிலும் உலோகத் திருகு பழமையானதல்ல. விட்டோல்ட் ரிப்சின்ஸ்கி என்ற கட்டடக் கலைஞரிடம், கடந்த ஆயிரம் ஆண்டுகளின் சிறந்த கருவியைப் பற்றி எழுதச் சொல்லி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழிலிருந்து கேட்டார்கள். ரம்பம், சுத்தியல், இழைப்புளி எல்லாம் அதற்கும் முந்தியவை என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் திருப்புளியில் வந்து நின்றார். 2000ஆம் ஆண்டு அதை ஒரு சிறிய புத்தகமாகவே எழுதினார். 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த ஒரு ஜெர்மானியச் சுவடியில் தலையில் வெட்டு உள்ள திருகுகளை அவர் காட்டுகிறார். ஆனால் அந்தக் காலத்துத் திருகு ஒவ்வொன்றும் கையால் அராவியது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே துல்லியமான திருகு வெட்டும் கடைசல் பொறியைச் செய்தார். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல், மரையின் கோணம் 55 பாகை, இந்தத் தடிமனுக்கு ஓர் அங்குலத்தில் இத்தனை மரை என்று ஒரு பொது அளவை முன்வைத்தார். பர்மிங்காமில் நெட்டில்ஃபோல்டு குடும்பமும் சேம்பர்லின் குடும்பமும் சேர்ந்து மரத்திருகு செய்து பணம் குவித்தன. அந்தத் திருகுக் கம்பெனியை நடத்திப் பணக்காரரான ஜோசப் சேம்பர்லின்தான் பின்னாளில் பிரிட்டனின் காலனி அமைச்சர். அந்தத் தொழிலின் ஒரு கிளை வளர்ந்து ஹௌராவில் கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் ஆலையாக வந்து சேர்ந்தது. நம் வீடுகளின் கீல்களில் பெயின்ட் மூடிக் கிடக்கும் ஒற்றைக் கோட்டுத் திருகுகளின் வம்சாவளி இதுதான்.

நெய்வேலி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டமும் அதே 1956இல்தான் வந்தது. திட்ட அறிக்கை தந்தது பவல் டஃப்ரின் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், மண் வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து, அனல் மின் நிலையம் சோவியத் உதவியில். அப்பாவின் கருவிப் பெட்டியில் அங்குல ஸ்பேனர்களும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களும் தனித்தனித் துணியில் சுற்றியிருக்கும். சின்ன வயதில் அவற்றைக் கலந்து வைத்து அடி வாங்கியிருக்கிறேன்.

ஒற்றைக் கோட்டுத் திருகின் குறை, உளி நழுவும். பி.எல். ராபர்ட்சன் என்ற கனடாக்காரர் மான்ட்ரியலில் கருவி விற்றுக்கொண்டிருந்தபோது திருப்புளி நழுவிக் கையைக் கிழித்துக்கொண்டார். அதிலிருந்து அவர் யோசித்தது சதுரக் குழியுள்ள திருகு. 1908இல் ஆன்டாரியோவின் மில்டன் என்ற ஊரில் ஆலை போட்டார். கருவி அதில் கச்சிதமாக உட்காரும், ஒரே கையால் முடுக்கலாம். ஃபோர்டு தன் மாடல் டி கார்களுக்கு வாங்கினார். பிறகு உரிமம் கேட்டார். ராபர்ட்சன் தர மறுத்துவிட்டார். அந்த ஒரு ‘முடியாது’ காரணமாக இன்றும் சதுரத் திருகு பெரும்பாலும் கனடாவோடு நின்றுவிட்டது.

உலகத்தைப் பிடித்தது கூட்டல் குறி. ஜான் தாம்சன் என்பவரின் யோசனையை வாங்கி மேம்படுத்தி, 1936இல் காப்புரிமை பெற்றார் ஹென்றி பிலிப்ஸ். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தியது. பிலிப்ஸ் குழியின் பக்கங்கள் சரிவானவை. அதனால் நுனி தானாக நடுவில் போய் உட்காரும். விசை கூடினால் அதே சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். நம்மைக் கெட்ட வார்த்தை பேச வைக்கும் அந்த ‘டர்ர்ர்’ இதுதான். ஆனால் வரிசையில் நின்று மோட்டார் வைத்து முடுக்கும் தொழிற்சாலைக்கு அது குறையாகப் படவில்லை. அளவுக்கு மீறி முறுக்கித் திருகை உடைப்பதைவிட நுனி வெளியே வருவது மேல். எப்போது நிறுத்துவது என்ற அறிவை, அரைகுறையாகவேனும், திருகின் தலையிலேயே செதுக்கிவைத்த மாதிரி.

இன்னொரு பக்கம், 1918இல் நியூயார்க்கின் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார், குழாய் இணைப்பு போல்ட்டுகளை ஆட்கள் அளவு மீறி முறுக்கி உடைப்பதைப் பார்த்து, முறுக்கை அளந்து சொல்லும் டார்க் ரென்ச்சை உருவாக்கினார். அப்பாவுக்கு இந்தப் பெயர் தெரியாது. கருவியைத் தெரியும். நெய்வேலியில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் பெரிய வகைக்கு ஒரு பக்கெட்டின் கொள்ளளவு 1400 லிட்டர். சக்கரம் சுற்றச் சுற்ற அந்தப் பக்கெட்டுகளின் பற்கள் மண்ணைக் கடிக்கும். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரியை எட்டியது 1961இல். மேல்மண்ணில் இருந்த கடலூர் மணற்பாறை எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்குச் செய்த பற்கள் இங்கே சீக்கிரம் தேய்ந்தன. பல்லின் வடிவத்தை மாற்றினார்கள், வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தினார்கள். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பற்கள், சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய போல்ட்டுகள். அப்பாவின் 30 வருடத்தை இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள் காலை டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், கையால் முடுக்கும்போது போதும் என்று எப்படித் தெரியும் என்று.

“லூஸா வர்ற வரைக்கும் சும்மா சுத்து. உக்காந்துடுச்சுன்னு தெரியும். அங்கருந்து ஒரு கால் சுத்து. அதுக்கு மேல ஆசப்பட்டா மரை போயிடும்.”

“உக்காந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“உனக்குப் புரியாது” என்றார். திட்டவில்லை. தகவல் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு சாமி ஷெல்ஃபின் திருகைக் கழற்ற முயன்றபோதுதான் விஷயம் புரிந்தது. முடுக்குபவனின் கடைசிக் கால் சுற்றுதான் கழற்றுபவனின் முதல் கால் சுற்று. அதற்கு மட்டும்தான் பெரிய விசை வேண்டும். அந்தக் கால் சுற்றில் 27 வருடத் துருவும், மூன்று முறை அடித்த பெயின்ட்டும், முப்பத்துச் சொச்சம் வயது ஃபிட்டர் ஒருவரின் மணிக்கட்டும் சேர்ந்திருந்தன. அப்பா இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது அந்த ஆளோடு.

மின்கம்பி இல்லாத கருவிகளின் கதையில் ஒரு பொய் பரவலாக உலவுகிறது, நாசா கண்டுபிடித்தது என்று. நாசாவே அதை மறுத்திருக்கிறது. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை 1961இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நிலவில் மண் மாதிரி எடுக்கும் துளைப்பானுக்காக நாசாவோடு அது வேலை செய்தது பிறகுதான். நிக்கல் காட்மியம் இன்னும் பழையது. ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் 1899இல் செய்தது. அந்த பேட்டரியை அலமாரியில் வைத்தால் தானாகவே வடியும். வீட்டில் திருப்புளி தேவைப்படுவது மாதத்துக்கு ஒரு முறை. அந்த ஒரு முறையும் எடுத்தால் செத்துக் கிடக்கும். நான் கல்லூரி முடித்த வருடம் பெயர் தெரியாத ஒரு கம்பெனியின் கருவியை வாங்கி, இரண்டு நாற்காலி பூட்டிவிட்டு, அடுத்த வருடம் தூக்கிப் போட்டதும் இதனால்தான். இதை மாற்றியது லித்தியம் அயான். சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் வாங்கித் தந்தது. ஃபோனிலும் கேமராவிலும் இருந்த அந்த பேட்டரியை 2003இல் போஷ் ஒரு கையடக்கத் திருப்புளியில் வைத்தது. ஐஎக்ஸ்ஓ என்ற அந்தச் சின்னக் கருவிதான் லித்தியம் அயானில் ஓடிய முதல் மின்கருவி. பெரிய டிரில்களுக்கு முன்னால் இந்தப் பொடியன் முந்திக்கொண்டான். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு செல் என்பதே காரணமாக இருக்க வேண்டும். 3.6 வோல்ட் என்பது அந்த ஒற்றை செல்லின் மின்னழுத்தம்தான்.

நெய்வேலிக்காரன் என்பதால் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 3.6 வோல்ட், 1.5 ஆம்பியர் மணி என்றால் 5.4 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 8 என்று வைப்போம். இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. ஆக ஒரு முழு சார்ஜுக்கு 8 கிராம். ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்குக் குறையாமல் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அப்படியானால் இந்த 8 கிராமுக்கு அரை டீ கிளாஸ் மண். எங்கள் ஷெல்ஃபைக் கழற்ற அப்பாவின் இயந்திரம் அரை கிளாஸ் மண்ணை வெட்டிப் போட வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். “அந்த அரை கிளாஸுக்கு எத்தினி பல்லு தேஞ்சிச்சுன்னு கணக்குப் போடு” என்றார்.

கடைசியில் எதை வாங்கினேன்? 12 வோல்ட்டை விட்டுவிட்டேன். செங்கல் சுவரில் துளை போட வேண்டுமென்றால் அதிர்ந்து இடிக்கும் ஹாமர் டிரில் வேண்டும். இந்தச் சின்னக் கருவிகளால் அது ஆகாது. ஆகும் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தால் நம்பாதீர்கள். புது வீட்டுச் சுவரைத் துளைக்க எலக்ட்ரீஷியன் வருவார். அப்பாவுக்கு வேண்டியது இடையில் இருக்கும் அந்த இருபது சுற்று. 3.6 வோல்ட்டில், நிமிடத்துக்கு 200 சுற்றை ஒட்டி மெதுவாக ஓடுவதாகப் பார்த்தேன். நேர்க்கோட்டுத் திருகில் வேகமாக ஓடினால் நுனி நழுவி மரத்தைக் கீறும். பேனா மாதிரி நேராக இருப்பதை விட்டுத் துப்பாக்கிப் பிடி. மார்பு உயரச் சுவரில் வேலை செய்யும்போது மணிக்கட்டை மடக்க வேண்டியதில்லை. குறித்த முறுக்கு வந்ததும் ‘கட கட’ என்று விட்டுக்கொடுக்கும் கிளட்ச். பிலிப்ஸின் சரிவு அரைகுறையாகச் செய்ததை இது ஒழுங்காகச் செய்கிறது. ஃபோன் சார்ஜரிலேயே ஏறும் டைப் சி. எல்லாவற்றையும்விட முக்கியமாக ஸ்பிண்டில் லாக். மோட்டாரை நிறுத்தினால் தண்டு பூட்டிக்கொள்ளும். அப்போது அதே கருவியைக் கையால் சாதாரணத் திருப்புளி மாதிரி திருப்பலாம். இந்த வசதி எத்தனை முக்கியம் என்று தெரியாததால் பல கம்பெனிகள் இதை விவரக் குறிப்பின் கடைசி வரியில்கூடப் போடுவதில்லை.

நான்காம் நாள் பெட்டி வந்தது. அப்பா பிரித்துப் பார்த்துவிட்டு, “பொம்ம மாதிரி இருக்கு” என்றார். அன்று முழுக்கத் தொடவில்லை. நான்தான் கழற்றினேன். திருகின் வெட்டிலிருந்த பெயின்ட்டைக் கத்தி முனையால் சுரண்டாமல் மோட்டாரைப் போட்டதில் இரண்டு திருகின் தலை வழுக்கிப் போயிற்று. அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “குடு இங்க.” கத்தியால் சுரண்டினார், துருவேறிய இடத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார், பழைய திருப்புளியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். பிறகு, கழற்ற வேண்டிய திருகை முதலில் ஒரு மயிரிழை முடுக்கினார். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. அதன் பிறகு எதிர்ப்பக்கம். கால் சுற்று வந்ததும் என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். பொம்மையைக் கொடுத்தேன். மிச்சத்தை அது கழற்றியது. அன்று இரவுக்குள் எழுபது திருகு.

கழற்றிய இடத்திலெல்லாம் சுவரில் சதுரமான மரக்கட்டைகள். லண்டனில் ஜான் ராலிங்ஸ் 1911இல் நாரால் செய்த ரால் பிளக்கும், ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் 1958இல் செய்த நைலான் பிளக்கும் வந்து எவ்வளவோ காலம் ஆகியும், அப்பா உளியால் குழி எடுத்துத் தேக்குக் கட்டை அடித்துத்தான் திருகு போட்டிருக்கிறார். பிடுங்கவா என்று கேட்டேன். “சொவரு பேந்துடும், கெடக்கட்டும். அடுத்து வர்றவனுக்கு ஆவும்.”

என்னோடு படித்த நண்பனின் ஆயா நினைவுக்கு வந்தார். அவர்கள் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்ட ஊர். ஊரைவிட்டு வந்தபோது வாசல் கதவைக் குடுமியோடு தூக்கி மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்வார். நிலையை உடைக்காமல் கதவைத் தூக்கி வெளியே எடுத்துவிட முடிந்ததாம். கழற்ற ஒரு திருகுகூட இல்லை. மந்தாரக்குப்பத்தில் அவர்களுடைய இப்போதைய வீட்டில் அந்தக் கதவு பொருந்தவில்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதில்தான் நாங்கள் கரிக்கோடு போட்டு ஸ்டம்பு வரைந்து கிரிக்கெட் ஆடினோம். எங்களுக்கு நான்கு மாத அவகாசமும் லாரியும் இருந்தன. அவருக்கு எவ்வளவு அவகாசம் கொடுத்தார்கள் என்று கேட்கும் வயது அப்போது எங்களுக்கு இல்லை.

இந்திரா நகர் வீட்டில் முதலில் மாட்டியது சாமி ஷெல்ஃப். எலக்ட்ரீஷியன் துளை போட்டு நைலான் பிளக் சொருகிவிட்டுப் போனார். புதுத் திருகு வாங்கி வந்திருந்தேன். அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்த பழையதைத்தான் எடுத்தார். கிளட்ச்சைக் குறைந்த எண்ணில் வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கருவி ஓடி, ‘கட கட’ என்றதும் விசையை விட்டார். அப்புறம் இடது கையால் ஷெல்ஃபைச் சுவரோடு அழுத்தி, வலது கையால் மோட்டார் ஓடாத அந்தப் பொம்மையைக் கால் சுற்று திருப்பினார். முகம் கொஞ்சம் சுளித்தது. என்னைக் கூப்பிட்டு அடுத்த திருகில் பிடியைக் கையில் கொடுத்தார்.

“உக்காந்துடுச்சா?”

“தெரியலப்பா.”

“இன்னும் கொஞ்சம்” என்றார்.